டார்க் சோல்ஸ்: அனோர் லாண்டோவுக்குப் பிறகு என்ன ஆனது?

வாசகர் ஒருவரின் கூற்று:
டார்க் சோல்ஸ் என்ற வீடியோ கேமை எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். முதல் பாதி வரை நானும் கொண்டாடினேன். ஆட்டத்தின் நடுவில் வரும் அனோர் லாண்டோ நகரத்தைக் கடந்த பிறகு அது கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டது. பாதி மட்டும் நன்றாக இருக்கும் ஓர் ஆட்டத்தை மகத்தானது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஜூன் 2

கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதில்தான் எனக்கு மாறுபாடு. ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் ஹிடெடாகா மியாசாகியின் இயக்கத்தில் உருவாக்கி 2011 செப்டம்பரில் ஜப்பானில் வெளியிட்ட இந்த ஆட்டத்தை நான் மூன்று முறை முடித்திருக்கிறேன்: முதலில் பிளேஸ்டேஷன் 3-இல், பிறகு கணினியில், கடைசியாக 2018-இல் வந்த புதுப்பிக்கப்பட்ட பதிப்பில். மூன்று முறையும் அனோர் லாண்டோவுக்குப் பிறகு என் வேகம் குறைந்தது. மூன்றாவது முறை இரண்டு மாதங்கள் தொடாமலே கிடந்தது.

ஆனால் அதற்கு முன் நடப்பதைச் சொல்லாமல் குறைக்குப் போக முடியாது. அன்டெட் பர்க் என்ற பாழடைந்த ஊரில் தொடங்கி, டாரஸ் டீமனைக் கொன்று, பாலத்தில் நெருப்பு உமிழும் டிராகனைத் தாண்டி, தேவாலயத்துக்குள் நுழைந்து, உயிரை மீட்டுத் தரும் எஸ்டஸ் குடுவையில் ஒரு மடக்குகூட மிச்சமில்லாத நிலையில் அங்கே ஒரு லிஃப்ட் கண்ணில் படுகிறது. எங்கே போகும் என்று தெரியாது. ஏறி நின்றால் அது இறங்குகிறது, இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது. பிறகு மெதுவாக அந்தப் பழைய இசை காதில் விழுகிறது. நாம் புறப்பட்ட ஃபயர்லிங்க் ஆலயத்துக்கே வந்துவிட்டோம். பல மணி நேரம் மேலே மேலே போய்க்கொண்டிருக்கிறோம் என்று நினைத்த பாதை உண்மையில் ஒரு சுற்று என்பது அப்போதுதான் புரிகிறது. திரையில் வரைபடம் இல்லை, அம்புக்குறி இல்லை, "இங்கே போ" என்று சொல்லும் எழுத்து இல்லை. மனத்தில் இருந்த வரைபடம் தானாக மடிந்து ஒட்டிக்கொள்கிறது. வேறெந்த ஆட்டத்திலும் ஒரு லிஃப்டில் நின்றபடி நான் சிரித்ததில்லை.

ஜூன் 2, இரவு

சுருக்கமாக என் நிலைப்பாடு: இரண்டாம் பாதியைக் கெடுத்தது அனோர் லாண்டோவின் முடிவில் கிடைக்கும் லார்ட்வெசல் என்ற கலம். அது கிடைத்தவுடன், நாம் இளைப்பாறும் தீமூட்டமான ஒரு போன்ஃபயரிலிருந்து இன்னொன்றுக்குக் கண நேரத்தில் தாவும் வார்ப் வசதி வந்துவிடுகிறது. நடப்பதில்தான் இந்த ஆட்டத்தின் உயிர் இருந்தது. நடை போயிற்று, உயிரும் போயிற்று.

ஜூன் 3

நேற்று இரவு எழுதியதைக் காலையில் படித்தபோது எனக்கே அது அவசரத் தீர்ப்பாகத் தெரிந்தது. வார்ப் காரணமா, விளைவா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

லார்ட்வெசலுக்குப் பிறகு, பெரிய எதிரிகளிடம் உள்ள நான்கு பெரிய சோல்களை (ஆன்மாக்களை) தேடிப் போகிறோம். சீத் இருப்பது டியூக்ஸ் ஆர்கைவ்ஸுக்கு அப்பால் உள்ள படிகக் குகையில். நிட்டோ இருப்பது கேட்டகோம்ப்ஸுக்கும் கீழே உள்ள டூம் ஆஃப் தி ஜயன்ட்ஸில். பெட் ஆஃப் கேயாஸ் இருப்பது லாஸ்ட் இஸாலித்தில். நான்கு மன்னர்கள் இருப்பது நியூ லண்டோவுக்கு அடியில். இந்த நான்கு பாதைகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு முட்டுச்சந்து. முதல் பாதியின் பாதைகள் பின்னிப் பிணைந்த வேர்கள். இரண்டாம் பாதியின் பாதைகள் கையிலிருந்து நீண்ட விரல்கள். விரல் நுனிக்குப் போனவர் திரும்பி வர வேண்டுமென்றால் வார்ப் வேண்டும். ஆக, வரைபடத்தின் வடிவம் மாறியதால்தான் வார்ப் தேவைப்பட்டது என்று சொல்வதே சரி.

ஜூன் 3, மதியம்

திருத்தம். நியூ லண்டோ முட்டுச்சந்து இல்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார்; அவர் சொல்வது சரி. அந்த இடத்தை மூழ்கடித்திருக்கும் நீரை வடித்த பிறகு கீழே ஒரு கதவு வழியாக வேலி ஆஃப் டிரேக்ஸுக்குப் போகலாம். அந்த நீரை வடிக்கும் காட்சியும், வடிந்த தரையில் குவிந்து கிடக்கும் சடலங்களும் இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த கணங்களுள் சேரும். நான்கில் ஒன்று முதல் பாதியின் தரத்திலேயே இருக்கிறது. டியூக்ஸ் ஆர்கைவ்ஸையும் பாதி சேர்த்துக்கொள்ளலாம்; சீத்திடம் கட்டாயம் தோற்றுச் சிறைக்குள் விழித்தெழும் ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். எனவே "இரண்டாம் பாதி முழுவதும் மோசம்" என்ற வாசகரின் கூற்றையும் அதற்குத் தலையாட்டிய என்னையும் சேர்த்தே திருத்திக்கொள்கிறேன்.

ஜூன் 5

லாஸ்ட் இஸாலித்துக்காக வாதாட நான் தயாராக இல்லை. எரிகுழம்புப் பரப்பு கண்ணைக் கூச வைக்கிறது. அதன்மேல் ஒரே மாதிரியான பெரிய டிராகன் கால்கள், உடலின் மேற்பகுதியே இல்லாமல், கண்காட்சியில் வரிசையாக நிறுத்தியதுபோல நிற்கின்றன. அவற்றுக்கென்று தனித் தந்திரமோ இட அமைப்போ கிடையாது. அன்டெட் பர்க்கில் ஒவ்வொரு எதிரியும் ஏன் அந்த மூலையில் நிற்கிறான் என்று விளக்க முடியும். பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்திருப்பவன் எதற்காக ஒளிந்திருக்கிறான் என்பதுகூட விளங்கும். இங்கே யாரும் எதற்காகவும் நிற்கவில்லை.

பெட் ஆஃப் கேயாஸ் அதைவிட மோசம். இரு பக்கமும் உள்ள கோளங்களை உடைத்த பிறகு, தரை இடிந்து விழ விழ நடுவிலுள்ள பள்ளத்துக்குள் குதிக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் குதிப்பது என்பது ஓடிக்கொண்டே அதே பொத்தானை மறுபடி அழுத்தும் ஒரு தடுமாற்றச் செயல். ஐம்பது மணி நேரம் வாள் வீசவும் கேடயம் தூக்கவும் ரோல் செய்யவும் (உருண்டு விலகவும்) கற்றுக்கொடுத்துவிட்டு, கற்றுக்கொடுக்காத ஒன்றில் தேர்வு வைப்பதுபோல இருக்கிறது. உடைத்த கோளம் நாம் செத்துத் திரும்பி வந்தாலும் உடைந்தே இருக்கிறது. வேறெந்த பாஸும் (பெரிய எதிரியும்) இந்தச் சலுகையைத் தருவதில்லை. நியாயமாக இல்லை என்று செய்தவர்களுக்கே தோன்றியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஜூன் 6

சண்டையைப் பற்றி எழுதவே இல்லை என்கிறார்கள். எழுதுகிறேன்.

பலம்: ஒவ்வொரு வீச்சுக்கும் விலை உண்டு. ஸ்டாமினா என்ற பச்சைப் பட்டைதான் இந்த ஆட்டத்தின் உண்மையான நாணயம். அடிப்பதும் தடுப்பதும் ஓடுவதும் உருள்வதும் அந்த ஒரே பையிலிருந்துதான் செலவாகின்றன. சுமந்திருக்கும் எடை, தாங்கக்கூடிய எடையில் 25 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வேகமான ரோல், 50 வரை நடுத்தரம், அதற்கு மேல் மூட்டை உருண்டதுபோல ஒரு விழுகை. இதனால் கவசம் அணிவதுகூட ஒரு கொள்கை முடிவாகிவிடுகிறது. குறுகிய சந்தில் பெரிய வாளைப் பக்கவாட்டில் வீசினால் அது சுவரில் மோதித் தெறிக்கும். அங்கே ஈட்டிக்காரன் ராஜா. இதைக் கற்பிக்க ஒரு வரி விளக்கமும் வராது, சுவரே கற்பிக்கும்.

பலவீனம்: அதே சுவரைச் சில எதிரிகளின் ஆயுதங்கள் மதிப்பதில்லை. கல்லுக்குள்ளிருந்து கோடரி வெளிப்பட்டு என்னைப் பிளந்த அனுபவம் எனக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை உண்டு. எதிரியைக் குறிவைத்துப் பூட்டிக்கொண்டால் ரோல் நான்கு திசைகளில் மட்டுமே போகும். சாய்வாக உருள நினைத்துப் பள்ளத்தில் விழுந்தவர்கள் ஏராளம். நம் பாத்திரத்தின் பண்புகளில் ரெசிஸ்டன்ஸ் என்று அதிகப் பயனில்லாத ஒன்று இருக்கிறது; அதில் புள்ளிகளைப் போட்டவர் பரிதாபத்துக்குரியவர். போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. முதல் ஆட்டத்தில் நான் அதில் ஒன்பது புள்ளிகள் போட்டேன். பெயர் உறுதியாக ஒலித்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஜூன் 6, சற்று நேரம் கழித்து

தொடக்கப் பரிசாகத் தேர்ந்தெடுக்கக்கூடிய பதக்கத்தால் சண்டையில் ஏதாவது பயன் உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கிடையாது. அதைத் தேர்ந்தெடுத்த ஆயிரக்கணக்கானோரில் நானும் ஒருவன். என் ரெசிஸ்டன்ஸ் புள்ளிகளுக்கு அது நல்ல துணை.

ஜூன் 9

கடினம் என்ற சொல்லைப் பற்றி இந்த விவாத இழையில் சூடு ஏறியிருக்கிறது. "உரலில் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்கு அஞ்சலாமா" என்று ஒருவர் எழுதியிருப்பது நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பழமொழியை வைத்து எல்லாக் குறையையும் மூடிவிட முடியாது. கடினத்தில் இரண்டு வகை உண்டு. அனோர் லாண்டோவில் சேர்ந்து சண்டையிடும் ஆர்ன்ஸ்டைனும் ஸ்மோவும் ஒரு வகை. ஒருவன் வேகம், மற்றவன் பாரம். தூண்களை இடையில் வைத்து இருவரையும் பிரித்தாள வேண்டும். ஒருவன் விழுந்ததும் மற்றவன் அவனுடைய ஆற்றலை வாங்கிக்கொண்டு முழு உயிருடன் எழுகிறான். யாரை முதலில் கொல்வது என்ற முடிவு நம்முடையது, தோல்வியும் நம்முடையது. இருபதுக்கும் மேற்பட்ட முறை தோற்றேன். ஒருமுறைகூட ஆட்டத்தைத் திட்டவில்லை.

இன்னொரு வகைக்கு உதாரணம் டெப்த்ஸ் என்ற பாதாளச் சாக்கடையில் இருக்கும் பேசிலிஸ்க் என்ற உயிரினங்களின் புகை. தரையிலுள்ள ஓட்டையில் விழுந்தேன், புகை சூழ்ந்தது, கல்லாகிச் செத்தேன். எழுந்தபோது உயிர்ப்பட்டை பாதியாகிவிட்டிருந்தது. சாபம் என்று பெயர். செத்தாலும் போகாது. அதைத் தீர்க்கும் கல் எங்கே கிடைக்கும் என்று தெரியாமல், பாதி உயிரோடு அந்தச் சாக்கடையிலிருந்து மேலே ஏறிய இரண்டு மாலைகளை நான் மறக்கவில்லை. அப்போது கன்ட்ரோலரைச் சோஃபாவின் மேல் எறிந்ததாகவும் நினைவு. வெளியான புதிதில் இந்தச் சாபம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் பாதி, கால், அரைக்கால் என்று தேய்ந்துகொண்டே போனது; பிறகு வந்த திருத்தத்தில்தான் பாதியோடு நின்றது.

ஜூன் 10

மேலே எழுதியதில் ஒரு நேர்மையின்மை இருக்கிறது. அந்த இரண்டு மாலைகளைக் குறை என்ற கணக்கில் எழுதினேன். ஆனால் இந்த ஆட்டத்தைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போதெல்லாம் நான் முதலில் சொல்லும் கதையே அதுதான். ஆர்ன்ஸ்டைனை வென்ற கதை எல்லோரிடமும் இருக்கிறது. பாதி உயிருடன் டெப்த்ஸிலிருந்து ஏறிய கதையில் ஒவ்வொரு எலியும் எனக்கு நினைவிருக்கிறது. அப்போது வார்ப் இருந்திருந்தால் அது இரண்டு நிமிடச் சங்கடமாக முடிந்திருக்கும்.

ஆக, சாபம் குறையா நிறையா? இன்று கேட்டால் நிறை என்பேன். சாபத்தோடு சோஃபாவில் உட்கார்ந்திருந்த என்னைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

ஜூன் 12

பிளைட்டவுன் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், பிளேஸ்டேஷன் 3-இல் அது தடுமாறியது. பலகைகளையும் கயிறுகளையும் கட்டி எழுப்பிய அந்தச் சேரியில் இறங்கும்போது காட்சி ஓடாமல் தாள் தாளாகப் புரண்டது. விஷ அம்பு ஊதுபவனைப் பார்த்துக் கேடயம் தூக்கினால், கேடயம் எழுவதற்குள் அம்பு தைத்துவிட்டது. கணினிப் பதிப்பு 2012 ஆகஸ்டில் வந்தபோது நொடிக்கு 30 ஃபிரேம் என்ற பூட்டோடும், சுட்டியை வைத்து ஆடவே முடியாத நிலையிலும் வந்தது. ரசிகர்கள் எழுதிய ஒரு சிறு நிரல்தான் அதை ஆடத்தக்கதாக்கியது. 2018-இன் புதுப்பிப்பில் பிளைட்டவுன் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. விசித்திரம் என்னவென்றால், வழுக்கிக்கொண்டு ஓடும் பிளைட்டவுனில் எனக்குப் பழைய பயம் வரவில்லை. இதை ஒரு வாதமாக முன்வைக்கவில்லை. குறையை ருசியாக்கிக்கொள்ளும் வயது எனக்கு வந்துவிட்டது போலும்.

ஜூன் 15

கதை சொல்லும் முறையைப் பற்றி நீண்ட பதிவு ஒன்றை ஒருவர் எழுதியிருக்கிறார், பெரும்பாலும் உடன்படுகிறேன். பொருள்களின் குறிப்புரையிலும் சிலைகளின் முகத்திலும் பிணம் கிடக்கும் இடத்திலும் கதையை ஒளித்து வைப்பது இதன் தனிச்சிறப்பு. சிறுவயதில் தன் வாசிப்புத் திறனுக்கு மீறிய ஆங்கிலக் கற்பனைக் கதைகளைப் படித்து, புரியாத இடங்களைத் தானே கற்பனையால் நிரப்பிக்கொண்டதாக மியாசாகி பேட்டியில் சொல்லியிருக்கிறார். டார்க் சோல்ஸை ஆடும்போது நாம் அந்தச் சிறுவனின் இடத்தில் உட்காருகிறோம். ஆர்டோரியஸ் என்ற வீரனின் கல்லறையைக் காக்கும் சிஃப் என்ற பெரிய ஓநாய், எஜமானின் வாளை வாயில் கவ்விக்கொண்டு சண்டையிடுகிறது. உயிர் குறையும்போது அது நொண்டத் தொடங்குகிறது. வீசிய வாளின் கனத்தைத் தாங்க முடியாமல் தள்ளாடுகிறது. ஒரு வசனமும் இல்லை. நான் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் நின்றேன். அது நிறுத்தவில்லை.

ஆனால் மறைப்பதற்கும் ஓர் அளவு வேண்டும். சூரியனைத் தேடும் வீரன் சோலேரைக் காப்பாற்ற வேண்டுமென்றால், குவெலாக் என்ற எதிரியின் இருப்பிடத்தில் ஒரு பொய்ச் சுவருக்குப் பின்னால் இருக்கும் அவளுடைய சகோதரியிடம் ஹ்யூமானிட்டி என்ற அரிய பொருள்கள் முப்பதைக் கொடுத்து, அதனால் திறக்கும் குறுக்கு வழியில் அவருக்கு முன்னே போய், ஒரு குறிப்பிட்ட புழுவைக் கொல்ல வேண்டும். எந்த மனிதர் இதைத் தானே கண்டுபிடிப்பார்? விரிவாக்கமான ஆர்டோரியஸ் ஆஃப் தி அபிஸும் அப்படித்தான். ஏரிக்கரையில் பொன்னிறப் படிகப் பூதத்துக்குள் சிறைப்பட்ட இளவரசியை விடுவித்து, டியூக்ஸ் ஆர்கைவ்ஸில் ஒரு நீலப் பூதத்தைக் கொன்று உடைந்த பதக்கத்தை எடுத்து, மீண்டும் ஏரிக்கரைக்கே வர வேண்டும். இதைக் கன்சோலில் தனியாகப் பணம் கொடுத்து வாங்கியவர் நுழைவாயிலைத் தேடி அலைந்திருப்பார். உள்ளே போனால் ஆட்டத்தின் மிகச் சிறந்த சண்டைகள் இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

ஜூன் 15, இரவு

"தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? தரையில் ஒளிரும் செய்திகள் எதற்கு?" என்ற பதில் நியாயமானது. இந்த ஆட்டம் ஒருவர் மட்டும் விடுவிக்க வேண்டிய புதிராக அமைக்கப்படவில்லை. தெரியாத ஊர்க்காரர்கள் எழுதிப்போட்ட துண்டுச் செய்திகளும், அவர்கள் செத்த இடத்து இரத்தக்கறைகளும், ஊர் வாய் போலப் பரவிய செய்திகளும் சேர்ந்துதான் விடை. எந்தப் பள்ளத்தின் விளிம்பிலும் "குதித்துப் பார்" என்றொரு செய்தி இருக்கும். நம்பிக் குதித்திருக்கிறேன். பிறகு அதே செய்திக்கு நல்மதிப்பும் போட்டிருக்கிறேன்.

ஜூன் 23

ஒரு வாரம் எழுதவில்லை, ஆடிக்கொண்டிருந்தேன். என் முதல் வாதத்தைச் சோதிக்க நான்காவது ஆட்டம் தொடங்கி, லார்ட்வெசல் கிடைத்த பிறகும் ஒருமுறைகூட வார்ப் செய்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

நியூ லண்டோவில் எதிர்பார்த்தபடியே நடை சுகமாக இருந்தது. சீத்திடமிருந்து திரும்பி நடந்ததும் பரவாயில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான். நான்கு மன்னர்களை அடைய, உடைந்த படிக்கட்டின் முனையிலிருந்து இருளுக்குள் விழ வேண்டும். அதில் ஏறி வர வழியில்லை. நிட்டோவின் அறைக்கும் மேலிருந்து குதித்தே போக வேண்டும். பெட் ஆஃப் கேயாஸை நோக்கிச் சரிவில் சறுக்குகிறோம். நான்கில் மூன்று இடங்களில் ஆட்டமே ஏணியை எடுத்துவிட்டது. "நடந்து பாருங்கள்" என்று இங்கே பெருமையாக எழுதத் திட்டமிட்டிருந்தவன் நான். நடக்கப் பாதையே போடப்படவில்லை. எனவே ஜூன் 2 இரவு எழுதியது தவறு, ஜூன் 3 காலையில் எழுதியதே சரி.

இருந்தாலும் நிட்டோவிடம் ஒரு குறுக்கு வழி செய்தேன். அவனைக் கொன்ற பிறகு அங்கே தோன்றும் போன்ஃபயரில் உட்காராமல், ஹோம்வர்ட் போன் ஒன்றைப் பயன்படுத்தி டூம் ஆஃப் தி ஜயன்ட்ஸில் முன்பு உட்கார்ந்த இடத்துக்கே திரும்பினேன். அங்கிருந்து ஃபயர்லிங்க் வரை நடந்தே போனேன். கும்மிருட்டு. விளக்கை ஒரு கையில் பிடித்தால் கேடயத்துக்குக் கை இல்லை. கேடயத்தைப் பிடித்தால் இரண்டு அடிக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாது. நாலு கால்களில் ஓடிவரும் ராட்சத எலும்புக்கூடு இருமுறை என்னைப் பள்ளத்தில் தள்ளியது. மூன்றாவது முறை ஒரு வளைவில் விளக்கைத் தாழ்த்திவிட்டுக் கேடயத்தை எடுக்க நின்றபோது, எதிரே வெகு தொலைவில், இருட்டுக்கு அப்பால் செந்நிறமாக ஏதோ மின்னியது. சிறிது நேரம் புரியவில்லை. அது டீமன் ரூயின்ஸின் எரிகுழம்பு. மூன்று முறை இந்த வழியாக இறங்கியிருக்கிறேன். மூன்று முறையும் கண் விளக்கொளி விழும் தரையிலேயே இருந்திருக்கிறது.

நான் இவ்வளவு திட்டிய இஸாலித்துக்கு மேலே இருக்கும் அதே எரிகுழம்புதான். அங்கிருந்து பார்க்க அழகாகவே இருந்தது.